வால்ட்ராப் அளவுகோல்: சுழியில் தொடங்கிக் கால்விரலில் முடியும் சோதனைத்தாள்

இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கல்யாணம் என்பது ஊர்ப்பேச்சு. அதே சுழியை மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) ஆய்வாளர்களும் எண்ணுகிறார்கள், காரணம்தான் வேறு. மூளையும் தோலும் கருவின் ஒரே வெளியடுக்கிலிருந்து உருவாகின்றன. கர்ப்பத்தின் முதல் சில மாதங்களில் வளர்ச்சி பிசகினால் மூளையில் விழும் தடயம் கண்ணுக்குத் தெரியாது. காதிலும் கையிலும் மேலண்ணத்திலும் விழுந்தது தெரியலாம். அதைத் தேடுவதுதான் வால்ட்ராப் அளவுகோல் என்ற இந்தத் தாளின் வேலை.

அமெரிக்காவில் மேரி வால்ட்ராப் குழுவினர் 1968-ல் பாலர் பள்ளிப் பிள்ளைகளின் நடத்தையை ஆராய்ந்தபோது பயன்படுத்தியது இது. மனச்சிதைவு ஆய்வுக்குள் பிறகுதான் வந்தது. தலை, கண், காது, வாய், கை, கால் என ஆறு இடங்களில் 18 அடையாளங்கள். நீட்சி இல்லாத டேப், காலிப்பர், டார்ச் இருந்தால் போதும். தையல்கடை டேப் வேண்டாம், நாளாக நாளாக நீண்டுவிடும்.

தலைச் சுற்றளவைப் புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, பின்மண்டை அதிகம் புடைத்த இடம் வழியாக எடுக்க வேண்டும். கொண்டையை அவிழ்க்காமல் சுற்றினால் அளவு கூடும். காது இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதில்தான் தவறு அதிகம். மூக்குப் பாலத்தையும் கண்ணின் வெளிமூலையையும் தொடும் கோட்டைக் காதுவரை நீட்டிப் பார்க்கிறோம். 0.5 செ.மீ. வரை இறங்கியிருந்தால் 1 மதிப்பெண், அதற்கும் கீழே போனால் 2. அளக்கப்படுபவர் முகவாயைக் கொஞ்சம் தூக்கினாலே நல்ல காதும் இறங்கித் தெரியும். நேர்ப்பார்வையில் உட்காரவைத்து அளக்க வேண்டும். கையில் ஒற்றைக் குறுக்கு ரேகை, வளைந்த சுண்டுவிரல் இரண்டையும் பார்க்க அதிக நேரம் பிடிக்காது.

மேலண்ணம் கூம்பி உயர்ந்திருப்பது மனச்சிதைவு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் அடையாளம். ஆனால் இங்கே கண்மதிப்புதான் அளவு. ஒருவர் ‘உயரம்’ என்பதை இன்னொருவர் ‘சாதாரணம்’ என்பார். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்ல வேண்டும். பல் மருத்துவர் எடுக்கும் அச்சு கிடைத்தால் அதை வைத்து அளப்பது மேல். அளப்பவருக்கு எதிரில் இருப்பவர் நோயாளியா இல்லையா என்று தெரியவும் கூடாது, அச்சில் அந்தச் சிக்கலும் இல்லை. நாக்கு வெடிப்பு வயதோடு கூடும் என்பதால் வயது ஒத்தவர்களோடுதான் ஒப்பிட வேண்டும்.

பெரிய குறை ஒன்று: எது இயல்பு என்பது மக்களுக்கு மக்கள் மாறும். கண்ணின் உள்மூலையை மூடும் தோல்மடிப்பு கிழக்காசியர்களிடம் சர்வசாதாரணம், அதற்கு மதிப்பெண் போட்டால் கணக்கே கெடும். தலைச் சுற்றளவும் கண்களின் இடைவெளியும் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியைச் சுற்றி வழக்கமாகச் சிதறும் தூரம்) தள்ளியிருக்கின்றன என்று பார்த்துப் போடப்படுகின்றன. வேறு நாட்டுச் சராசரியை எடுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. உள்ளூர் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இந்தத் தாளைத் தொடவே வேண்டாம்.

நோயாளிகளைக் குழுவாக எடுத்தால் சராசரி மதிப்பெண் கூடுதல்தான். தனி ஆளுக்கு இது ஜோசியம். பேச்சுக்கு ஒரு கணக்கு: அதிக மதிப்பெண் நோயாளிகளில் 100-க்கு 60 பேரிடமும் மற்றவர்களில் 100-க்கு 25 பேரிடமும் இருப்பதாக வைப்போம். மனச்சிதைவு வாழ்நாளில் ஏறக்குறைய 100-ல் ஒருவருக்கு வரும் நோய். 1000 பேரை அளந்தால், நோய் வரப்போகும் 10 பேரில் 6 பேர் சிக்குவார்கள், வராத 990 பேரில் சுமார் 247 பேரும் கூடவே சிக்குவார்கள். போதாததற்கு, ஆட்டிசத்திலும் டவுன் சிண்ட்ரோமிலும் இதே அடையாளங்கள் அதிகம். விரல்ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளையின் மூளைத்திறனைச் சொல்வதாக நம் ஊரில் விற்கும் அறிக்கைகளுக்கும் இந்த ஆய்வுகளைச் சாட்சிக்கு இழுக்க முடியாது; அவற்றுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கிறது.

புதிதாக ஆய்வு தொடங்குபவருக்கு ஹங்கேரியின் மேஹஸ் அளவுகோல் பொருத்தம். 57 அடையாளங்கள். உறுப்பு உருவாகும்போதே நேர்ந்த பிசகையும் அதற்குப் பிறகு வந்த சிறு மாறுபாட்டையும் அது பிரித்துப் பார்க்கிறது. வால்ட்ராப் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறது. மேஹஸுக்கு நேரம் கூடத்தான் பிடிக்கும். எதை எடுத்தாலும் இரண்டு பேர் தனித்தனியாக அளந்து ஒப்பிட்டுப் பழகிய பிறகே தொடங்க வேண்டும். செருப்பையும் சாக்ஸையும் முதலிலேயே கழற்றச் சொல்லிவிடுங்கள். கால்விரல் கடைசியில் வருவதால் அதற்கான மூன்று கட்டங்கள்தான் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும்.