மன்னார்குடி ஓட்டு வீட்டில் ஐந்து மழைக்காலம்: எது நின்றது, எது திரும்பவும் செலவு வைத்தது

2020 ஆவணியில் பால் காய்ச்சிக் குடிவந்தோம். அதற்கப்புறம் ஐந்து மழைக்காலம் பார்த்தாயிற்று. பழைய ஓட்டு வீட்டை வாங்கிச் சரிசெய்து குடியிருக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். வேலை முடிந்த மறுவாரமே எழுதியிருந்தால் பாதி தப்பாக எழுதியிருப்பேன். பூச்சும் பெயிண்டும் புதுசாக இருக்கும்போது எல்லாமே நன்றாகத்தான் தெரியும். இரண்டாவது, மூன்றாவது ஐப்பசி தாண்டினால்தான் வீட்டின் லட்சணம் தெரியும்.

"மன்னார்குடி மதில் அழகு" என்பார்களே, அந்த ராஜகோபாலசுவாமி கோயில் மதிலிலிருந்து நடந்துபோகிற தூரம்தான் எங்கள் வீடு. முகப்பு 22 அடி, நீளம் 110 அடி. திண்ணை, ரேழி (வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள நடை), முற்றத்தோடு கூடம், சமையல்கட்டு, கொல்லை, கிணறு. ரேழியை ஒட்டிய முன் அறை மட்டும் மட்டப்பா, அதாவது தட்டையான மொட்டைமாடித் தளம், மற்றதெல்லாம் நாட்டு ஓடு. கட்டி 90 வருஷத்துக்கு மேல் இருக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. கூடத்துக் கூரையில் பாதி ஓடு போயிற்று, கொல்லைத் தென்னை சமையல்கட்டின் மேல் சாய்ந்தது. வாரிசுகள் நாலு பேரும் வெளியூர். அடுத்த வருஷம் மனை விலைக்கே எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பார்த்தவர்கள் எல்லோரும் இடித்துவிட்டுக் கட்டச் சொன்னார்கள். என் மாமியார் மட்டும் கூடத்துத் தூணில் கை வைத்துக்கொண்டு, "இதை எப்படிம்மா இடிக்கிறது?" என்றார். எனக்கும் மனசு வரவில்லை. 12 லட்சம் என்று கணக்குப் போட்டு ஆரம்பித்தோம். குடிவரும்போது 19½ லட்சம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு இந்த ஐந்து வருஷத்தில் இன்னும் இரண்டரை லட்சம் போட்டிருக்கிறோம். அந்த இரண்டரை லட்சத்தில் பாதிக்கு மேல், முதலில் தப்பாகச் செய்ததைத் திருத்திய செலவு.

முதலில் கூரை. 2020 மாசியில் ஓட்டை இறக்கினோம். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்துவிட்டது. ஓட்டைத் தாங்குகிற கைமரமெல்லாம் வெளியே தெரிய, வீடு இரண்டு மாதம் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. நடுவில் ஒரு கோடை மழை பெய்த ராத்திரி நானும் வீட்டுக்காரரும் தூங்கவே இல்லை. ஆனால் அந்த இடைவெளியில் ஒரு நல்லதும் நடந்தது. ஊருக்குள்ளேயே இருந்த வயதான ஆசாரி ஒருவர், ஆட்கள் இல்லாததால் தனியாக வந்து ஒவ்வொரு கைமரத்தையும் உளியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தார். நல்ல மரம் 'டங்' என்று கேட்கும். கரையான் தின்றது 'பொத்' என்று சத்தம் உள்ளேயே அமுங்கிப்போகும். எனக்கும் தட்டிக் காட்டினார். 64 பனங்கைமரங்களில் 19 மட்டும்தான் மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு முன் பார்த்த ஒப்பந்தக்காரர் மொத்தத்தையும் மாற்றச் சொல்லியிருந்தார்.

நாட்டு ஓட்டை விட்டுவிட்டு மங்களூர் ஓட்டுக்கு மாறினோம். நாட்டு ஓடு குளிர்ச்சிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பூனை ஓடினாலே நகர்ந்துவிடும், வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வைத்து ஓடு மாற்ற வேண்டும், அந்த வேலை தெரிந்தவர்கள் இப்போது ஊரில் இரண்டு மூன்று பேர்தான். மங்களூர் ஓட்டுக்கு அடியில் இன்னொரு அடுக்கு சீலிங் ஓடு கொடுத்தோம். இரண்டுக்கும் நடுவில் காற்று நிற்பதால் சித்திரை வெயிலிலும் கூடத்தில் மத்தியானம் படுத்துத் தூங்க முடிகிறது. முகட்டிலும் ஓரத்திலும் சாந்து வைத்துப் பட்டை பிடித்தோம், கஜா கற்றுக்கொடுத்த பாடம் அது. ஐந்து வருஷத்தில் உடைந்தது ஏழு ஓடு. கையோடு 50 ஓடு உபரியாக வாங்கி வைத்துக்கொண்டதால் அலைச்சல் இல்லை.

இப்போது சுவர் விஷயத்துக்கு வருகிறேன். பழைய வீடு வாங்குகிறவர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

கூடத்துச் சுவர் ஒன்றரை அடி கனம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அந்தக் காலத்து வீடுகளில் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தைத் தடுக்கிற பட்டை கிடையாது. மண்ணில் உள்ள ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். ஓதம் என்று சொல்வது அதைத்தான். நாங்கள் வாங்கும்போது அடிச்சுவரில் இரண்டடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்திருந்தது. முதலில் வந்த மேஸ்திரி, பழைய பூச்சை நாலடி வரைக்கும் கொத்தி எடுத்துவிட்டு, நீர்க்கசிவைத் தடுக்கும் கெமிக்கல் கலந்து சிமெண்ட் பூசி, மேலே வழவழப்புக்காகப் பட்டி பார்த்து, எமல்ஷன் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். 85,000 ரூபாய். கண்ணாடி மாதிரி இருந்தது. எல்லோரும் வந்து தடவித் தடவிப் பார்த்தார்கள்.

ஒன்றரை வருஷம் தாங்கியது. 2021 மழைக்காலம் முடிந்து தை மாதம், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், பூச்சுக்கு மேலே உள்ள பழைய சுவரில், ஒரு ஈரக்கோடு தெரிந்தது. மாசியில் அது அஞ்சரை அடிக்குப் போய்விட்டது. கீழே சிமெண்ட் பூசிய இடத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே கல் உப்பு மாதிரி வெள்ளையாகப் பூத்து, தொட்டதும் பொலபொலவென்று கொட்டியது. பீரோவுக்குப் பின்னால் பாசி வாடை. பெரியவளுக்கு அந்த மாதம் முழுக்க இருமல்.

மேஸ்திரி போனை எடுக்கவில்லை. கோயில் வேலைகளில் சுண்ணாம்பு பூசிப் பழகிய பெரிய கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். சுவரைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "மண்ணுலேருந்து ஏறுற தண்ணி எங்கயாச்சும் வெளியில வரணும்ல டீச்சர். நாலடிக்கு நீங்க அடைச்சு வச்சுட்டீங்க. அது அஞ்சாவது அடியில வந்து நிக்குது."

இவ்வளவுதான் விஷயம். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் அதிகம், ஏறிய ஈரம் அது வழியாகக் காற்றில் உலர்ந்துவிடும். சிமெண்டும் பட்டியும் பிளாஸ்டிக் பெயிண்டும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. ஈரம் மேலே ஏறுகிறது. ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, கெட்டியாகி, பூச்சையே தள்ளி உதிர்க்கிறது.

2022 பங்குனியில் சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். அதோடு பழைய செங்கல்லின் முகமும் சில இடங்களில் பெயர்ந்து வந்தது, பார்க்கவே வயிறு எரிந்தது. செங்கல் தெரியச் சுவரை அப்படியே மூன்று மாதம் காயவிட்டோம். ஒரு வெயில் காலம் முழுக்க அந்தக் கோலத்தில்தான் குடியிருந்தோம். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் மூன்று வாரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்தார்கள். அந்த வாசனை தெரு வரைக்கும் வந்தது. பூசிய பிறகும் அவசரப்பட முடியாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் கெட்டியாகும். தினமும் ஈரம் தெளித்துக்கொண்டு பொறுமையாக இருக்க வேண்டும். 1,40,000 ரூபாய் ஆயிற்று. மேலே பெயிண்ட் இல்லை, வெறும் சுண்ணாம்பு வெள்ளைதான்.

ஓதம் அடியோடு போய்விட்டதா என்றால், இல்லை. ஒவ்வொரு மார்கழியிலும் தரையை ஒட்டி அரையடிக்கு உப்பு பூக்கிறது. உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டுப் பொங்கலுக்கு முன் வெள்ளையடித்துவிடுகிறோம். அரை நாள் வேலை. ஈரக்கோடு மேலே ஏறவில்லை, பாசி வாடை இல்லை, பீரோவைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி வைத்திருக்கிறோம். பெரியவளின் இருமலும் நின்றது. இதுவரை போட்ட பணத்தில் எனக்கு மிகவும் திருப்தி தந்தது இந்த 1,40,000 தான்.

அடுத்தது முற்றத்துத் தண்ணீர். தண்ணீர் வெளியேறுகிற பழைய ஜலதாரை கூடத்துக்கும் ரேழிக்கும் அடியில் போய்த் தெருவில் விழும். கட்டியபோது அது சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. திண்ணைக்கு நாலு படி இருந்ததாம், நாங்கள் வாங்கும்போது இரண்டுதான் வெளியே தெரிந்தது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். எங்கள் மாதிரி வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டுக்குள் சாக்கடை எதிர்த்து வந்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் ஜலதாரையின் தெருப்பக்க வாயை அடைத்துவிட்டு, முற்றத்துத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கொல்லைக்குத் திருப்பினோம். ஜல்லி, மணல், கரி போட்ட வடிகட்டித் தொட்டி, அங்கிருந்து கிணறு. குடிவந்த நாலாவது மாதமே, 2020 டிசம்பரில், புரெவி புயல் மழை டெல்டா முழுக்க விடாமல் கொட்டியது. தெருவில் முழங்கால் தண்ணீர். முற்றத்தில் விழுந்தது விழுந்தபடி கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் ரேழியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சித்திரையிலும் இப்போது கிணற்றில் ஆறடித் தண்ணீர் நிற்கிறது. கரியையும் மணலையும் வருஷா வருஷம் புரட்டாசியில் மாற்ற வேண்டும், ஒரு வருஷம் விட்டுவிட்டு அவஸ்தைப்பட்டோம்.

முற்றத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஷீட் போட்டு மூடச் சொன்னார்கள். போட்டோம். முதல் மே மாதமே கூடம் அடுப்படி மாதிரி ஆகிவிட்டது. சூடான காற்று மேலே போக வழியில்லை. அப்புறம் ஷீட்டைக் கழற்றி, கூரைக்கு இரண்டடி மேலே தூக்கிச் சட்டம் அடித்து, நாலு பக்கமும் கம்பி வலை கட்டினோம். சாரல் கொஞ்சம் வருகிறது, வந்துவிட்டுப் போகட்டும்.

வயரிங்கைப் பற்றி ஒன்றே ஒன்று. பழைய கட்டை வயரிங்கில் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் மாற்றிவிட்டு, புதிதாக எர்த் போட்டு, மின்கசிவு வந்தால் தானாகவே மின்சாரத்தை நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைத்தோம். 2023 மழையில் ராத்திரி அடிக்கடி அது விழுந்துகொண்டே இருந்தது. தொல்லையாக இருக்கிறதே, எடுத்துவிடலாம் என்றுகூட எலக்ட்ரீஷியன் சொன்னார். தேடிப் பார்த்ததில் கிணற்று மோட்டார் சுவிட்ச் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. காலையில் ஈரக்கையோடு அந்த சுவிட்சைப் போடுவது என் மாமியார்தான். பழைய சுவர் உள்ள வீட்டில் ஆர்சிசிபியைத் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

மாமியாருக்காகத்தான் சமையல்கட்டை ஒட்டி உள்ளேயே ஒரு கழிப்பறை கட்டினோம். படி இல்லாமல், பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்து, கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி. செப்டிக் டேங்க் கொல்லைக் கடைசியில், கிணற்றிலிருந்து 50 அடிக்கு மேல் தள்ளி. இதில் இதுவரை குறை எதுவும் இல்லை.

கரையான் மூன்றாவது வருஷம் திரும்பி வந்தது. முதலில் மருந்து அடித்தவர்கள் தரையும் சுவரும் சேருகிற இடத்தில் அடிக்கு ஒன்றாகத் துளை போட்டுச் செலுத்தினார்கள். கொல்லைப்பக்கக் கதவு நிலையை மட்டும், அங்கே மணல் குவிந்து கிடந்ததால், விட்டுவிட்டார்கள். அந்த ஓர் இடத்தில்தான் ஏறியது. நிலையின் அடிப்பகுதியை ஒன்பது அங்குலம் அறுத்துவிட்டு, ஆசாரி புதுத் தேக்கைக் காடி எடுத்துச் சேர்த்தார். இணைப்பைக் கையால் தடவினால்தான் தெரியும்.

வசதியாக இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நான் போன பங்குனியைச் சொல்வேன். கோயிலில் வெண்ணெய்த்தாழித் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் 17 பேர் கூடத்திலும் தாழ்வாரத்திலும் பாய் விரித்துப் படுத்தார்கள். ஏசி உள்ள அறைக்குப் போகச் சொன்னேன், ஒருவரும் போகவில்லை.

மிச்சம் இருப்பது முன் அறை மட்டப்பா. தேக்குக் கட்டைகளுக்கு மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, மேலே தட்டையான ஓடு (தட்டோடு) பதித்த பழைய தளம். முந்தையவர்கள் ஒழுகுகிறது என்று அதன்மேல் மூன்று அங்குலம் சிமெண்ட் போட்டிருந்தார்கள். கட்டைகள் அந்தப் பாரத்தில் லேசாகத் தொய்ந்திருந்தன. சிமெண்டை எடுத்துவிட்டோம், தட்டோட்டை மறுபடி பதித்தோம். தளத்தில் ஒழுகல் இல்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் மட்டும் இன்னும் கசிகிறது. மேலே அடிக்கிற வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் இரண்டு தடவை அடித்தாயிற்று, இரண்டு தடவையும் அடுத்த கோடையிலேயே உரிந்துவிட்டது. வருகிற தையில் பெரிய கொத்தனார் வந்து அந்த மூலையைக் கொத்தி, சுண்ணாம்பிலேயே சரிவு பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கிளிஞ்சல் சுண்ணாம்பு ஏழு மூட்டை வாங்கிக் கொல்லைக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். மார்கழி பிறந்ததும் தொட்டியில் கொட்டி ஊறவைக்க வேண்டும்.