மாடி டைல்ஸ் விளிம்புக்கு கிரானைட்டா, மெட்டல் பட்டையா? தண்ணி வடிய ஜாலியா (ஓட்டை போட்ட மூடி), சேனலா (மூடி போட்ட நீள வாய்க்கா)?

எங்க வீடு சென்னையில கடலுக்குப் பக்கம். முதல் மாடியில 20க்கு 10 அடி ஓப்பன் டெரஸ், ரெண்டு பக்கம் கைப்பிடிச் சுவர், முன்னாடி வெறும் ரெயிலிங். போன தடவை டைல்ஸ் ஓரத்தை 45 டிகிரியில சீவி ஒட்டுனாங்க, பாக்க அம்சமா இருந்துச்சு, ஒரே வருஷத்துல முனையெல்லாம் பல்லு பல்லா ஒடைஞ்சு, மழைத்தண்ணி விளிம்பு வழியா வடிஞ்சு கீழ் சன்ஷேடு முழுக்க ஓதம். அதனால அந்த முறைய கணக்குலயே சேக்கல.

மெட்டல் பட்டைன்னா எல் மாதிரி வளைஞ்சது, டைலுக்கு அடியில ஒரு கால் போகணும், அதனால டைல் ஒட்டுறதுக்கு முன்னாடியே வைக்கணும், அப்புறமா சொருக முடியாது. சும்மா அலுமினியம் வேணாங்க, ஈர சிமெண்ட்டோட காரம் அதை அரிச்சிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா 304 கிரேடு கடல்காத்துக்கு பழுப்பு கறை பிடிக்கும், 316 தாங்கும், ஆனா விலை ஏறும். அப்புறம் பட்டையில சின்னச் சின்ன ஓட்டை இருக்கான்னு பாருங்க, ஜாயிண்ட் வழியா இறங்குற தண்ணி வெளியேற வழி இல்லன்னா அடியிலயே நின்னு வெள்ளையா உப்பு பூக்கும்.

கிரானைட் கனமானது, ஆனா நம்ம கொத்தனாருக்கு பழகின வேலை. சுவருக்கு வெளிய ஒண்ணரை இஞ்ச் நீட்டி, அடிப்பக்கம் ஒரு கோடு வெட்டிட்டா தண்ணி சுவத்துல ஒட்டி ஓடாம சொட்டிடும். இந்தக் கோடு ரொம்ப முக்கியம், கேக்கலன்னா யாரும் வெட்ட மாட்டாங்க. என் ஓட்டு கிரானைட்டுக்குத்தான், அதையும் டைலைவிட ரெண்டு நூல், அதாவது கால் இஞ்ச், ஒசத்தி வச்சோம்.

ஒசத்திட்டா தண்ணிய உள்ளயே பிடிக்கணுமே, அங்கதான் அடுத்த சண்டை. மூலைக்கு ஒரு ஜாலி வச்சு 4 இஞ்ச் பைப்புல விடுறது செலவு கம்மி, ஆனா வாட்டம் முன்பக்கமாவும் போகணும் மூலைக்கும் போகணும், 2க்கு 4 அடி டைல் அப்படி வளையாது, குறுக்கால வெட்டணும் இல்ல சின்ன டைலுக்கு மாறணும். நீளமான சேனல்னா ஒரே பக்கம் வாட்டம் போதும், 10 அடிக்கு ஒண்ணேகால் இஞ்ச், பெரிய டைல் முழுசா உக்காரும். விளிம்புக்கு ஒரு ஜாண் உள்ள, முன்பக்கம் நெடுக போட்டோம். பக்கவாட்டுல ஓட்டை உள்ள சேனலா வாங்குங்க, கிரானைட் மறிக்கிற அடித்தண்ணி அதுக்குள்ள இறங்கும். பைப் மட்டும் ரெண்டு, ஒண்ணு அடைச்சாலும் இன்னொண்ணு இருக்கும்ல.

எதைப் போட்டாலும் டைலுக்கு முன்னாடி வாட்டர்ப்ரூஃபிங் முடிச்சு, பைப்ப அடைச்சு 48 மணி நேரம் தண்ணி கட்டிப் பாருங்க, எங்க கொத்தனார் முனகினார், நான் விடல. சேனல்ல ஒரே தொல்லை, எதிர்வீட்டு வேப்பமரம். ஐப்பசி கார்த்திகையில வாரம் ஒரு தடவை மூடிய தூக்கி இலைய அள்ளணும், அது இப்ப என் வேலையாப்போச்சு.