ஆறு வருடம், மூன்று ஈடிஆர்: அலர்ட் வந்த பிறகு நடந்தவை

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்கால் மணி. கணக்குப் பிரிவில் ஒருவர், இன்வாய்ஸ் என்று மின்னஞ்சலில் வந்த வேர்டு கோப்பைத் திறந்தார். மேலே மஞ்சள் பட்டை வந்தது. அதிலிருந்த பொத்தானை அழுத்தினார். வேர்டு ஒரு கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்தது, அது விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லை எழுப்பியது. கூடவே வாசித்தால் எதுவும் புரியாத நீளமான எழுத்துச் சரம் ஒன்றும் போனது. எங்கள் கண்காணிப்புத் திரையான கன்சோலில் சிவப்பாக ஒரு வரி விழுந்தது: 'சந்தேகத்துக்குரிய செயல்பாடு. தீவிரம்: உயர்வு.' அவ்வளவுதான். யார் திறந்தது, எந்தக் கோப்பு, அந்தப் பவர்ஷெல் வெளியே எந்த முகவரியோடு பேசியது, தடுக்கப்பட்டதா இல்லையா, எதுவும் அந்தத் திரையில் இல்லை. இதையெல்லாம் கண்டுபிடித்து முடிக்க எங்கள் இரண்டு பேருக்கும் நான்கு மணி நேரம் பிடித்தது.

அது நாங்கள் வாங்கிய முதல் ஈடிஆர், அதாவது கணினிகளில் நடப்பதைக் கண்காணித்து எச்சரிக்கும் பாதுகாப்பு மென்பொருள். அதன் பிறகு இரண்டு முறை மாற்றிவிட்டோம். சுமார் 400 கணினிகள், கொஞ்சம் சர்வர்கள், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள இரண்டே பேர். இதுதான் எங்கள் அளவு. அந்த மூன்று மென்பொருள்களின் பெயரையும் இங்கே சொல்லவில்லை. நான் பார்த்த குறைகள் அந்தந்தப் பதிப்பில், எங்கள் சூழலில் பார்த்தவை, இன்று சரியாகியிருக்கலாம். ஆனால் வாங்கப்போகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அலர்ட் வந்த அடுத்த பத்து நிமிடத்தில் அந்த மென்பொருள் உங்களை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது என்று பாருங்கள். 'எவ்வளவு பிடிக்கும்' என்று கேட்டால் எல்லா விற்பனையாளரும் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்.

இந்த வகைக் கருவிகளுக்குப் பெயர் வைத்தவர் ஆன்டன் சுவாகின். 2013இல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்தபோது 'எண்ட்பாயின்ட் த்ரெட் டிடெக்‌ஷன் அண்ட் ரெஸ்பான்ஸ்' என்றார். பிறகு 'த்ரெட்' உதிர்ந்து ஈடிஆர் என்று நின்றுவிட்டது. பழைய ஆன்ட்டிவைரஸ் முக்கியமாகக் கோப்பைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லும். ஒவ்வொரு கணினியிலும் ஏற்றும் ஈடிஆர் ஏஜென்ட் நடப்பதை எல்லாம் பதிவு செய்துகொண்டே இருக்கும்: எந்த ப்ராசஸ் (ஓடும் நிரல்) எதைத் திறந்தது, விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எதை மாற்றியது, எந்த முகவரிக்குப் பேசியது, யார் உள்நுழைந்தார். இன்றைய தாக்குதல்களில் பெரும்பாலும் புதிதாக ஒரு வைரஸ் கோப்பு வருவதே இல்லை. பவர்ஷெல், செர்ட்யூட்டில், ரன்டிஎல்எல்32 என்று விண்டோஸிலேயே இருக்கும் கருவிகளை வைத்தே வேலையை முடித்துக்கொள்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல பிள்ளைகள். யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற வரிசையில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த வரிசையை எத்தனை நாள் சேமித்து வைக்கிறது என்பது நாங்கள் முதல் ஈடிஆர் வாங்கும்போது கேட்காமல் விட்ட கேள்வி. ஒருமுறை ஒரு சர்வரில் எங்களுக்குச் சம்பந்தமில்லாத, குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஷெட்யூல்டு டாஸ்க் ஒன்று கண்ணில் பட்டது. உருவாக்கிய தேதியைப் பார்த்தால் 19 நாள் முன்பு. எங்கள் லைசென்ஸில் பதிவுகள் இருப்பதோ 7 நாள். விண்டோஸின் சொந்தப் பதிவுகளும் அதற்குள் மேலெழுதப்பட்டுவிட்டன. எப்படி உள்ளே வந்தார்கள், வேறு எங்கே போனார்கள் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. சந்தேகம் இருந்த ஏழு இயந்திரங்களையும் அழித்து, முதலிலிருந்து ஏற்றினோம். அதில் மூன்றோ நான்கோ சுத்தமாகவே இருந்திருக்கலாம். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. பதிவுக்காலம் முப்பது நாளுக்குக் கீழே இருந்தால் வாங்காதீர்கள் என்பேன். உதாரணத்துக்கு, மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஃபார் எண்ட்பாயின்ட்டின் இரண்டாம் திட்டத்தில் தேடல் மொழியால் தோண்டும் வசதி கடைசி 30 நாள் தரவில் வேலை செய்கிறது. ஒரு சாதனத்தின் காலவரிசையை 180 நாள் வரை பின்னால் போய்ப் பார்க்கலாம். வாங்கும் எந்தப் பொருளுக்கும் இந்த இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது மென்பொருள் எதையும் விடவில்லை, ஆனால் எதற்கெடுத்தாலும் கத்தியது. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது அலர்ட். நாங்களே ஓட்டும் நிர்வாக ஸ்கிரிப்ட்டுகள், பிரின்டர் மென்பொருளின் அப்டேட், எல்லாமே 'நடுத்தரத் தீவிரம்'. மூன்றாவது வாரத்தில் நாங்கள் படிக்காமலேயே மூடத் தொடங்கிவிட்டோம். அதுதான் ஆபத்து.

ஒரு மாதக் கடைசி நாளில், எங்கள் நிறுவனத்திலேயே எழுதிய பில்லிங் செயலியை அது தீங்கானது என்று முடிவு செய்து, முப்பதுக்கும் மேற்பட்ட கணினிகளில் ஓட விடாமல் தனியே பூட்டி, குவாரண்டைன் செய்துவிட்டது. மொத்தமாக மீட்கும் வசதி இல்லை. ஒவ்வொரு கணினியாகப் போய் விடுவித்தோம். பில் போட முடியாமல் ஒரு பிரிவே காத்திருக்கிறது, தொலைபேசி ஓயவில்லை. அந்த அவசரத்தில் அந்தச் செயலி இருந்த ஃபோல்டரையே எக்ஸ்க்ளூஷனில், அதாவது ஏஜென்ட் சோதிக்காமல் விடும் பட்டியலில், போட்டேன். எட்டு மாதம் கழித்து விதிகளைச் சரிபார்த்தபோதுதான் உறைத்தது: அந்த ஃபோல்டரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். உள்ளே வரும் எவனும் தன் கோப்பை அங்கே வைத்தால் போதும், ஏஜென்ட் திரும்பிக்கூடப் பார்க்காது. யாரும் பயன்படுத்திக்கொள்ளவில்லை, தப்பித்தோம். சரியான வழி, சொந்தச் செயலிகளுக்கு கோட் சைனிங் சான்றிதழ் வாங்கிக் கையொப்பமிட்டு, அந்தச் சான்றிதழுக்கு மட்டும் அனுமதி தருவது. ஃபோல்டருக்கு விலக்குக் கொடுப்பதை எங்கள் இடத்தில் இப்போது அறவே நிறுத்திவிட்டோம்.

வேகம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சாதாரண அலுவலகக் கணினியில் மூன்றில் எதுவும் தொந்தரவாக இல்லை. நிரல் எழுதுபவர்கள் தங்கள் நிரலைத் தொகுக்கும் பில்ட் இயந்திரம் வேறு கதை. நொடிக்கு ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் உருவாகி அழியும், ஏஜென்ட் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்க்கும். ஆறு நிமிடத்தில் முடிந்த பில்ட், இரண்டாவது மென்பொருளில் பதினான்கு நிமிடமானது. மூன்றாவதில் ஏழு. சோதனைக் காலத்தில் இப்படிப்பட்ட கடினமான இயந்திரத்தில் கட்டாயம் ஏற்றிப் பாருங்கள்.

இப்போது இருப்பது மூன்றாவது, இரண்டரை வருடமாக. அந்த வெள்ளிக்கிழமை நடந்ததைப் போலவே ஒன்று மறுபடியும் வந்தது, இம்முறை மின்னஞ்சலில் வந்த ஷார்ட்கட் கோப்பு வழியாக. அலர்ட்டைத் திறந்ததும் ஒரு மரம் விரிந்தது. உச்சியில் அவுட்லுக், அதன் கீழே ஷார்ட்கட், அதன் கீழே கமாண்ட் ப்ராம்ப்ட், கடைசியில் பவர்ஷெல். அந்தப் புரியாத எழுத்துச் சரத்தை மென்பொருளே பிரித்து, உள்ளே இருந்த கட்டளையைப் பக்கத்தில் காட்டியது. அது பேசிய முகவரி, இறக்கிய கோப்பின் ஹேஷ் (கோப்பின் கைரேகை மாதிரி), அதே ஹேஷ் வேறு இரண்டு கணினிகளிலும் இருக்கிறது என்ற தகவல், எல்லாம் ஒரே திரையில். மூன்றையும் தேர்ந்தெடுத்து ஐசோலேட் கொடுத்தோம். அதன் பிறகு அந்தக் கணினிகள் தங்கள் கன்சோலைத் தவிர வேறு யாரோடும் பேச முடியாது. உடனே தொலைபேசி வந்தது.

"சார், என் கணினியில் நெட் போய்விட்டது."

"நாங்கள்தான் நிறுத்தினோம் மேடம். தயவுசெய்து அணைத்துவிடாதீர்கள், அப்படியே இருக்கட்டும்."

அணைத்தால் நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும், அதனால்தான். அலர்ட்டுக்கும் இந்தப் பேச்சுக்கும் நடுவே பதினொரு நிமிடம். நான்கு மணி நேரத்திலிருந்து இங்கே வந்திருக்கிறோம். என் ஒப்பீட்டின் சாரம் இந்த ஒரு வேறுபாடுதான்.

ஆனால் இரவு இரண்டரைக்கு அந்த மரத்தை யார் பார்ப்பது? இரண்டு பேரால் இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருக்க முடியாது. மூன்றாவது மென்பொருளோடு எம்டிஆர் என்னும் கண்காணிப்புச் சேவையும் எடுத்தோம். ஒரு ஞாயிறு அதிகாலை, ஒரு சர்வரில், விண்டோஸின் உள்நுழைவைக் கவனிக்கும் எல்சாஸ் ப்ராசஸின் நினைவகத்தை யாரோ படிக்க முயன்றார்கள். கடவுச்சொற்களின் ஹேஷ்கள் அங்கேதான் இருக்கும். நாங்கள் விழித்தபோது சர்வர் ஏற்கனவே துண்டிக்கப்பட்டிருந்தது, என்ன நடந்தது என்ற குறிப்பும் மின்னஞ்சலில் இருந்தது. இது நடந்ததற்குக் காரணம், எங்களைக் கேட்காமல் துண்டிக்கலாம் என்று சில இயந்திரங்களின் பட்டியலை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்திருந்தோம். முதன்மை டேட்டாபேஸ் சர்வர் மட்டும் அதில் இல்லை; அதற்கு முதலில் எங்களைக் கூப்பிட வேண்டும், எங்கள் இருவரின் தொலைபேசி எண்களும் அவர்களிடம் இருக்கின்றன. இந்தப் பட்டியலைப் போடாமல் எம்டிஆர் வாங்கினால், அவர்கள் நடு இரவில் மின்னஞ்சல் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள்.

சந்தையில் இருப்பவற்றைப் பற்றி இரண்டு மூன்று விஷயங்கள். டிஃபெண்டரின் முதல் திட்டத்தில் ஈடிஆர் கிடையாது. இரண்டாம் திட்டத்தில்தான் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் 'எங்களிடம் ஏற்கனவே இருக்கிறது' என்று நம்பிக்கொண்டிருக்கும் நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். 300 பயனர்களுக்குள் இருப்பவர்களுக்கு டிஃபெண்டர் ஃபார் பிசினஸ் என்ற தனிப் பதிப்பில் ஈடிஆர் உண்டு. சென்டினல்ஒன் என்ற ஈடிஆர், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் மாற்றிய கோப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்பும் ரோல்பேக்குக்குப் பெயர் பெற்றது. கோப்புகளின் பழைய நகல்களை வைத்திருக்கும் விண்டோஸின் ஷேடோ காப்பி வசதியின் மேல் நிற்பதால் அது விண்டோஸுக்குத்தான். தனி பேக்கப்புக்கு மாற்றாக அதை நினைக்கக் கூடாது. பணமே இல்லை என்றால், கணினியில் நடப்பதைப் பதியும் சிஸ்மான், அந்தப் பதிவுகளைச் சேர்த்து அலசும் வாஸு இரண்டையும் சேர்த்து ஓட்டலாம். இலவசம், நன்றாகவே பதிவு செய்யும். விதிகளை எழுதிப் பராமரிக்க ஒரு ஆள் முழு நேரமாக வேண்டும்.

தாக்குதல்களைப் போலச் செய்து ஈடிஆர்களைச் சோதிக்கும் மைட்டர் நிறுவனத்தின் மதிப்பீடுகளைப் பல விற்பனையாளர்கள் 'நாங்கள்தான் முதலிடம்' என்று காட்டுவார்கள். மைட்டர் தரவரிசை எதுவும் வெளியிடுவதில்லை. தரவு பொதுவில் இருக்கிறது, நேராகப் போய்ப் படியுங்கள். 2024 சுற்றில் தவறான அலர்ட்டுகளையும் அளந்தார்கள். எங்கள் இரண்டாவது அனுபவத்துக்குப் பிறகு நான் முதலில் பார்ப்பது அந்தப் பகுதியைத்தான்.

அப்புறம் 2024 ஜூலை 19. ஈடிஆர் விற்கும் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் ஏஜென்ட்டுக்கு அனுப்பிய ஒரு உள்ளடக்கக் கோப்பு, சேனல் ஃபைல் 291, பழுதாக வெளிவந்தது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன என்பது மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீடு. பெரும்பாலானவற்றில் ஒருவர் கையால் சேஃப் மோடில் ஏற்றி அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வட்டையே பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்ட கணினி என்றால் அதன் மீட்புச் சாவியும் தேவைப்பட்டது. நாங்கள் அந்தப் பொருளைப் பயன்படுத்தவில்லை, ஆனால் விண்டோஸின் மையப் பகுதியான கர்னலில் இயங்கும் எந்த ஏஜென்ட்டும் இப்படி விழுத்தாட்ட முடியும். அடுத்த வாரமே ஏஜென்ட் பதிப்போடு உள்ளடக்க அப்டேட்டையும் கட்டம் கட்டமாக விட முடியுமா என்று எங்கள் விற்பனையாளரிடம் கேட்டோம். முடிந்தது. இப்போது முதலில் எங்கள் இருவரின் கணினி, பிறகு இருபது, பிறகு மற்றவை. பிட்லாக்கர் சாவிகளின் பிரதி ஒன்று அச்சிட்டுப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

சோதனைக் காலத்தில் பலரும் ஐகார் கோப்பைப் போட்டுப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். அது ஆன்ட்டிவைரஸ் இயங்குகிறதா என்று பார்க்க உருவான 68 பைட் எழுத்து. ஈடிஆரைப் பற்றி எதுவும் சொல்லாது. தாக்குபவர்களின் உத்திகளைப் போலச் செய்து பார்க்கும் அடாமிக் ரெட் டீம் என்ற திறந்த மூலத் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தனியே வைத்த ஒரு பழைய மடிக்கணினியில் அதன் சோதனைகளில் பத்தை ஓட்டுங்கள். பிறகு அதைப் பற்றி எதுவும் தெரியாத சக ஊழியரைக் கன்சோல் முன் உட்காரவைத்து, என்ன நடந்தது என்று கேளுங்கள். எவ்வளவு நேரத்தில் சொல்கிறார் என்று பாருங்கள். மூன்றாவது மென்பொருளை நாங்கள் அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம்.

ஏஜென்ட் இல்லாத இடத்தில் எந்த ஈடிஆரும் குருடுதான். எஸ்-ஆர்எம் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2025இல் ஒரு சம்பவத்தை வெளியிட்டது: அகிரா கும்பலின் ரேன்சம்வேரை விண்டோஸில் ஈடிஆர் தடுத்துவிட, அவர்கள் அதே நெட்வொர்க்கில் இருந்த லினக்ஸ் வெப்கேமரா ஒன்றுக்குள் புகுந்து, அங்கிருந்தே பகிர்வுக் கோப்புகளைப் பூட்டினார்கள். அதைப் படித்ததிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும், தானாக ஐபி முகவரி வாங்கிய சாதனங்களைக் காட்டும் டிஹெச்சிபி பட்டியலையும் கன்சோலின் ஏஜென்ட் பட்டியலையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறோம். ஏஜென்ட் ஏற்ற முடியாத கேமரா, பிரின்டர் எல்லாம் தனி நெட்வொர்க்குக்குப் போய்விட்டன. போன வாரம் ஒன்று சிக்கியது: கூட்ட அறைத் திரையின் முதுகில் ஒட்டியிருந்த சின்னக் கணினி, கையால் ஐபி முகவரி கொடுத்து வைத்ததால் இத்தனை நாள் பட்டியலில் வரவே இல்லை. இன்று காலை அதில் ஏஜென்ட் ஏற்றியாயிற்று. கையால் கொடுத்த முகவரிகள் வேறு எங்கெங்கே இருக்கின்றன என்று ஸ்விட்ச் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.