ஜூன் 15 எக்ஸ்டென்ஷன்: குன்னூரிலிருந்து ஏழு வருட அனுபவம்

கோத்தகிரிக்குக் குடும்பத்தோடு திரும்பி வந்திருக்கும் பள்ளித்தோழி போன வாரம் போன் செய்தாள். "ஏய், வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு அமெரிக்க டேக்ஸுக்கு ஜூன் 15 வரைக்கும் டைம் உண்டுதானே, நான் எதுக்கு இப்பவே மண்டைய உடைச்சுக்கணும்?" என்றாள். பதில் சொல்ல ஆரம்பித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் மேல் இல்லை, அந்த ஜூன் 15 மேல். போனில் பாதிதான் சொன்னேன், மீதியை இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்கக் குடியுரிமையோடு 2018 ஆகஸ்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் குன்னூர் வந்தவள் நான். சம்பளமும் இங்கே, அதற்கு வரி பிடிப்பதும் இங்கே. ஆனாலும் வருடா வருடம் அங்கேயும் கணக்குக் காட்ட வேண்டும், கிரீன் கார்டுக்காரர்களுக்கும் இதேதான். இதுவரை ஏழு முறை தாக்கல் செய்திருக்கிறேன், எக்ஸ்டென்ஷனில், அதாவது தாக்கலுக்குக் கிடைக்கும் கூடுதல் டைமில், எல்லா வகையும் பார்த்தாயிற்று.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாக்கலுக்கு வழக்கமான கடைசி நாளான ஏப்ரல் 15 அன்று நம் வீடும் வேலை இடமும் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் இரண்டு மாதம் தானாகவே கிடைக்கும். விண்ணப்பம் கிடையாது, ரிட்டர்னோடு இரண்டு வாக்கியத்தில் ஒரு விளக்கம் இணைத்தால் போதும். அதுவும் பத்தாவிட்டால் ஜூன் 15க்குள் கூடுதல் டைம் கேட்கும் ஃபார்ம் 4868, நேராக அக்டோபர் 15. காரணமே கேட்க மாட்டார்கள். என் முதல் வருடத்தில் நிஜமாகவே கைகொடுத்தது, வெளிநாட்டில் இருக்க வேண்டிய நாள் கணக்கு முடியும் வரை தாக்கலைத் தள்ளிப்போட விடும் ஃபார்ம் 2350. தொடர்ந்து வரும் 12 மாதத்தில் 330 நாள் முழுசாக வெளிநாட்டில் இருந்தால் இங்கே சம்பாதித்ததை ஃபார்ம் 2555 போட்டுக் கழிக்கலாம், எனக்கு அந்த 330 முடிந்ததே 2019 ஜூலையில்தான். என்னைப் போல பாதி வருடத்தில் பெட்டி கட்டியவர்களுக்கென்றே ஒரு ஃபார்ம் வைத்திருக்கிறார்களே என்று அன்றைக்கு அவ்வளவு நிம்மதி.

இப்போது ஜூன் 15க்கு வருகிறேன். இங்கே கம்பெனிகள் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் ஃபார்ம் 16 கொடுக்கக் கடைசி நாளும் அதே ஜூன் 15தான்! எங்கள் கம்பெனியில் அது அன்றைக்குச் சாயங்காலம்தான் மெயிலில் வரும். வெளியே மழை, எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போயிருக்கும், போன் வெளிச்சத்தில் நான் அதைத் திறந்து பார்ப்பேன். பார்த்தால் அது ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கான கணக்கு. அமெரிக்காவுக்கு வேண்டியது ஜனவரி முதல் டிசம்பர். மூன்று மாதத்துக்கு ஒரு ஃபார்ம் 16, ஒன்பது மாதத்துக்கு இன்னொன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காலாண்டு காலாண்டாகப் பிரித்து நோட்டில் கூட்ட வேண்டும். அது அன்று ராத்திரிக்குள் நடக்கிற காரியமா? அதனால் முதல் வருடம் தவிர ஒவ்வொரு வருடமும் 4868 போட்டுவிட்டு அக்டோபர் வரை ஓட்டினேன்.

பணம் விஷயம் தனி. முதல் வருடம் நான் கேட்ட ஆடிட்டர் "ஜூன் வரைக்கும் டைம் இருக்கு மேடம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். டைம் இருப்பது தாக்கல் செய்யத்தான், கட்ட வேண்டிய வரிக்கு ஏப்ரல் 15 தாண்டினாலே வட்டி ஓடும். பழைய பங்குகளின் டிவிடெண்டுக்கு வட்டியோடு கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. தொகை சின்னதுதான், ஆனால் அது மலையேறி என் கைக்கு வந்தபோது அதில் போட்டிருந்த தேதியே தாண்டியிருந்தது. இன்றைக்கும் கடித உறை எதையாவது பார்த்தால் வயிறு ஒரு நிமிடம் கலங்குகிறது.

அமெரிக்காவுக்கு வெளியே உள்ள வங்கிக் கணக்குகளைக் காட்டும் எஃப்பார் மட்டும் தொந்தரவே தந்ததில்லை. எல்லாக் கணக்கும் சேர்ந்து வருடத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் காட்ட வேண்டும், ஆனால் கேட்காமலே அக்டோபர் 15 வரை விடுகிறார்கள். அம்மாவோடு சேர்ந்து போட்ட எஃப்டியும் இதில் வரும், அதை மறக்க வேண்டாம்.

தோழிக்காகப் பழைய நோட்டைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். ஏழு வருடமும் கடைசியில் நான் கூட்டியிருப்பது பே ஸ்லிப்பைத்தான். ஜனவரி முதல் டிசம்பர் வரை 12 ஸ்லிப், ஒவ்வொன்றிலும் சம்பளம், பிடித்த வரி, எல்லாமே இருக்கிறது. எஃப்டி வட்டி பாஸ்புக்கில் இருக்கிறது. கடைசி ஸ்லிப் டிசம்பர் முடிந்ததும் கைக்கு வந்துவிடும். அப்படியென்றால் ஃபார்ம் 16 எனக்கு எதற்கு? அது இங்கே ஜூலையில் ஐடிஆர், அதாவது இந்திய வருமான வரி ரிட்டர்ன், போட வேண்டியது. அதற்காக இத்தனை ஜூன் மாதத்தை வீணாக்கியிருக்கிறேன், எந்த ஆடிட்டரும் இதைச் சொல்லவில்லை.

எக்ஸ்டென்ஷன் நல்ல ஏற்பாடு, மேலே எழுதியதில் ஒரு வார்த்தையையும் மாற்ற மாட்டேன். ஆனாலும் தோழியிடம் சொன்னது, வேண்டாம்டி, எடுக்காதே. உனக்கு 330 நாள் முடியவில்லை என்றால் 2350 போடு, மற்றபடி பொங்கல் முடிந்ததும் ஸ்லிப்புகளை எடுத்துக்கொண்டு குன்னூர் வா, உட்கார்ந்து முடித்துவிடலாம். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டு பர்லியார் பக்கம் மண் சரிகிற நாட்களில், பாஸ்வேர்டு தேடிக்கொண்டு உட்கார எனக்கு இனி பொறுமை இல்லை. அடுத்த வருடம் மார்ச்சுக்குள் போட்டுவிடுவதாக அம்மாவிடமும் சொல்லியாயிற்று.