இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்: பசியோடு பழகிக்கொண்ட அனுபவம்

குறிப்பிட்ட நேரம் சாப்பிடாமல் இருந்து, மீதி நேரத்தில் மட்டும் சாப்பிடும் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் இருப்பவர்களிடம் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள். எத்தனை கிலோ குறைந்தது? பசியை எப்படித் தாங்குகிறீர்கள்? சில வருடங்களாக இதைப் பின்பற்றி வருகிறேன். இரண்டாவது கேள்விக்கு வழி தெரிந்தால்தான் முதல் கேள்விக்குப் பதிலே கிடைக்கும் என்று நினைக்கிறேன். நான் பார்த்தவரை பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் பசி தாங்காமல்தான் விட்டார்கள். அவர்களுக்கு மன உறுதி போதவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பசி எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும், எப்படிப் போகும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளின் 24 மணி நேரத்தில் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து, மீதி 8 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்வது 16:8. அதையே கொஞ்சம் தளர்த்தினால் 14:10, இன்னும் தளர்த்தினால் 12:12. வாரத்தில் ஐந்து நாள் வழக்கம்போலச் சாப்பிட்டு, இரண்டு நாள் மட்டும் 500, 600 கலோரியோடு நிறுத்திக்கொள்வது 5:2. ஒரு நாளைக்கு ஒரே வேளை என்று இருப்பவர்களும் உண்டு. நான் 12:12-ல் ஆரம்பித்தேன். இப்போது 14 மணி நேரத்துக்கும் 16 மணி நேரத்துக்கும் நடுவில், அன்றைய உடம்பு நிலையைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறேன். ஒரே வேளை சாப்பாட்டை யாருக்கும் ஆரம்பத்திலேயே பரிந்துரைக்க மாட்டேன். ஒரு நாளுக்குத் தேவையான புரதத்தை ஒரே தட்டில் சாப்பிட்டு முடிப்பது லேசான காரியம் இல்லை.

சரி, பசிக்கு வருவோம். கிரெலின் என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது. மசயாசு கோஜிமா, கெஞ்சி கங்காவா என்ற ஜப்பானிய ஆய்வாளர்களும் அவர்கள் குழுவும் 1999-ல் கண்டுபிடித்தது. பெரும்பாலும் இரைப்பையில் சுரந்து, மூளைக்குப் பசியைத் தெரிவிக்கிறது. நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது இது ஏறும். சாப்பிட்டதும் இறங்கும். அதைவிட முக்கியமான விஷயம், அந்த வேளை சாப்பிடாமல் விட்டாலும் கொஞ்ச நேரத்தில் அது தானாகவே இறங்கிவிடும். பசி நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் தாங்க முடியாத இடத்தில் போய் நிற்கும் என்று நாம் பயப்படுகிறோம். நிஜத்தில் அது அலை மாதிரி எழும்பி, உச்சத்துக்குப் போய், அடங்குகிறது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து கவனிப்பது வேறு. எனக்குப் பயம் போனது கவனித்த பிறகுதான்.

என் பசி காலை ஒன்பதரைக்கு வரும். முதலில் தலையில்தான் ஆரம்பிக்கும்: வேலைக்கு நடுவே காரணமே இல்லாமல் சாப்பாட்டு நினைப்பு. அப்புறம் வாயில் எச்சில் ஊறும். விலா எலும்புக்குக் கீழே ஏதோ காலியாக இருப்பதுபோலத் தோன்றும். படித்த வரியையே திரும்பப் படிப்பேன், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். இது உச்சத்தில் இருக்கும் பத்து நிமிடம்தான் கஷ்டம். அந்த நேரத்தில் எழுந்து ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, மாடிப்படி ஏறி இறங்கியோ யாருக்காவது போன் பேசியோ நேரத்தைக் கடத்திவிடுவேன். பத்தைத் தாண்டினால் பசித்ததா என்றே சந்தேகம் வரும். அந்த வேளையில் முடிந்தவரை சமையலறைப் பக்கம் போவதில்லை, சாப்பாட்டு வீடியோக்களைப் பார்ப்பதில்லை. உணவைப் பார்த்தாலே, அதன் வாசம் வந்தாலே உடம்பு சாப்பிடத் தயாராகத் தொடங்கிவிடும்.

வயிறு கடமுடா என்று சத்தம் போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் அதைக் கேட்டுத்தான் கலங்கிப்போகிறார்கள். வயிறு காலியாக இருக்கும்போது இரைப்பையிலிருந்து சிறுகுடல் வழியாக ஒரு தசை இயக்கம் நகர்ந்து போகும். ஏறக்குறைய ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இது நடக்கும். உள்ளே மிஞ்சிக் கிடப்பதைத் தள்ளிச் சுத்தம் செய்வது அதன் வேலை. காற்றும் நீரும் கலந்து நகரும் அந்தச் சத்தத்தைத்தான் நாம் ஆபத்துச் சங்கு என்று எடுத்துக்கொள்கிறோம். குடல் தன் வேலையைப் பார்க்கிறது, அதைப் பார்க்கவிடுங்கள்.

ஆரம்பிக்கப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். பசி வரும் நேரம் நம் பழக்கத்தால் உண்டானது. பழக்கத்தை மெதுவாக மாற்றினால் பசியும் நேரத்தை மாற்றிக்கொள்ளும். காலை எட்டு மணிக்குச் சாப்பிடுகிறவர் நாளையிலிருந்து பன்னிரண்டு மணிக்குத்தான் என்று குதித்தால் நடுவில் உள்ள நான்கு மணி நேரமும் போராட்டம்தான். அதற்குப் பதிலாக எட்டை எட்டரை ஆக்குங்கள். மூன்று நான்கு நாள் அப்படியே இருங்கள். உடம்பு பழகிய பிறகு ஒன்பது. எந்த இடத்தில் சிரமமாக இருக்கிறதோ அங்கே ஒரு வாரம் நின்றாலும் தவறில்லை. இரவுப் பக்கத்திலும் இப்படியே அரை மணி நேரம் முன்னால் இழுக்கலாம். இரண்டு முனையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் ஒரே மாதத்தில் பெரிய வலி இல்லாமல் 14 மணி நேரம் வந்துவிடும்.

காலையை விடுவதா, இரவை விடுவதா என்பது எப்போதும் வரும் கேள்வி. உடம்பின் உள்கடிகாரப்படி பசி காலை எட்டு மணி அளவில் மிகக் குறைவாகவும் இரவு எட்டு மணி அளவில் மிக அதிகமாகவும் இருக்கிறது என்று 2013-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரவெல்லாம் சாப்பிடாமல் இருந்தும் எழுந்ததும் பலருக்குப் பசிக்காததற்கு இது ஒரு காரணம். காலை உணவைத் தள்ளிப்போடுவது சுலபமாக இருப்பதும் இதனால்தான். ஆனால் ரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடு என்று பார்த்தால் பகலில் சீக்கிரம் சாப்பிட்டு முடிப்பது நல்லது என்பதற்குச் சான்று இருக்கிறது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 8 ஆண்களை வைத்து நடந்த சிறிய ஆய்வு ஒன்று 2018-ல் வந்தது. பிற்பகல் மூன்று மணிக்குள் சாப்பாட்டை முடித்தபோது, எடை குறையாமலேயே அவர்களுக்கு இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. மூன்று மணிக்கு முடிப்பது வேலைக்குப் போகிறவர்களுக்கு நடக்காத காரியம். நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். இரவு ஏழு மணிக்குள் முடித்துவிட்டு, காலை பத்து பதினொன்று வாக்கில் சாப்பிடுகிறேன். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் ஒரு வேளை கையை விட்டுப் போகாமல் இருப்பது எனக்கு முக்கியம்.

ஏழு மணிக்கு முடித்த பிறகு ஒன்பதரைக்கு வரும் ஆசை இருக்கிறதே, அதுதான் உண்மையான சோதனை. அது வயிற்றிலிருந்து வருவதில்லை. டிவி போட்டதும் கை எதையாவது தேடும். எனக்குப் பலித்த வழி ரொம்பச் சாதாரணமானது: சாப்பிட்டதும் பல் தேய்த்துவிடுவது. பற்பசையின் சுவை வாயில் இருக்கும்போது எதையும் கொறிக்கப் பிடிக்காது. சமையலறை விளக்கையும் அணைத்துவிடுவேன். நிஜமாகவே பசிக்கிறதா என்று சந்தேகம் வந்தால், வெறும் வேகவைத்த காய்கறி கிடைத்தால் சாப்பிடுவேனா என்று கேட்டுக்கொள்வேன். ஆமாம் என்றால் பசி. வேண்டாம், இனிப்பாக ஏதாவது வேண்டும் என்றால் படுக்கப் போக வேண்டிய நேரம்.

முதல் வாரத்தில் வரும் தலைவலிக்குப் பலர் பசியைக் குறை சொல்கிறார்கள். பல நேரம் காரணம் வேறு. சர்க்கரை போட்ட பால் காபியை நிறுத்தும்போது காபியையே நிறுத்திவிடுகிறார்கள். காஃபின் நின்ற 12 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிப்பது தெரிந்த விஷயம். அதனால் ஒரே நேரத்தில் இரண்டு போர் வேண்டாம். பாலும் சர்க்கரையும் இல்லாத காபியோ டீயோ குடித்துக்கொண்டே தொடங்குங்கள். வெறும் வயிற்றில் காபி எரிச்சல் தந்தால் அளவைப் படிப்படியாகக் குறையுங்கள். இன்னொரு காரணம் உப்பு. சாப்பிடாமல் இருக்கும்போது இன்சுலின் அளவு இறங்குகிறது, சிறுநீரகம் அதிக சோடியத்தை வெளியேற்றுகிறது, கூடவே தண்ணீரும் போகிறது. எழுந்து நின்றால் லேசாகத் தலை சுற்றுவதும் சோர்வும் இதனாலும் வரலாம். சாப்பிடும் நேரத்தில் உணவில் உப்பைத் தேவையில்லாமல் குறைக்காமல் இருந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் உப்பில் கை வைக்கக் கூடாது.

நாளைய பசி இன்றைய கடைசி வேளையில் தீர்மானமாகிறது. என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. முட்டையோ பருப்போ மீனோ, நிறையக் காய்கறியோடு சாப்பிட்ட இரவுக்கு மறுநாள் காலை அமைதியாகப் போகும். மாவும் சர்க்கரையுமாக வயிற்றை நிரப்பிய இரவுக்கு மறுநாள் எட்டு மணிக்கே தொல்லை தொடங்கும். முதல் வேளையையும் அப்படியே பார்க்கிறேன். பதினான்கு மணி நேரம் கழித்துத் தட்டைப் பார்த்ததும் வேகமாக வாரிச் சாப்பிடத் தோன்றும். நான் ஒரு கைப்பிடி கொட்டைகளோ கொஞ்சம் தயிரோ சாப்பிட்டு, பத்து நிமிடம் விட்டு, அப்புறம்தான் தட்டைப் போடுவேன். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

தூக்கம் கெட்டால் எல்லாம் கெடும். குறைவாகத் தூங்கினால் கிரெலின் ஏறி, நிறைவைச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். சரியாகத் தூங்காத மறுநாள் நான் 12 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வேன். அதில் எந்தக் குற்ற உணர்வும் தேவையில்லை.

இப்போது பலனைப் பற்றி. எனக்கு எடை மெதுவாக இறங்கியது, இடுப்பளவு அதைவிடத் தெளிவாகக் குறைந்தது. ஆனால் இதை மந்திரம் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். 2020-ல் அமெரிக்காவில் 116 பேரை வைத்து 12 வாரம் 16:8 சோதித்தார்கள். மூன்று வேளை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டபோது எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2022-ல் சீனாவில் 139 பேர் ஓர் ஆண்டு கலோரியைக் குறைத்தார்கள். அதில் நேரக் கட்டுப்பாட்டையும் சேர்த்துக்கொண்டவர்கள் சராசரியாக 8 கிலோ குறைந்தார்கள், நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் 6.3 கிலோ. அந்த வித்தியாசமும் புள்ளியியல்படி உறுதியானது இல்லை. ஆக, எடையைக் குறைப்பது கடைசியில் நாம் குறைவாகச் சாப்பிடுவதுதான். கலோரிக் கணக்குப் போடாமல் அந்தக் குறைவுக்கு வர எனக்கு இந்த முறை உதவுகிறது. கணக்குப் போடுவது பிடித்தவர்களுக்கு இது தேவையே இல்லாமலும் போகலாம். 2020 ஆய்வில் குறைந்த எடையில் தசையின் பங்கும் கணிசமாக இருந்தது. அதனால் வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது எடை தூக்கும் பயிற்சியும், போதுமான புரதமும் அவசியம் என்று நினைக்கிறேன்.

ஆட்டோஃபேஜி பற்றியும் ஒரு வார்த்தை. செல்கள் தம் பழுதான பாகங்களைத் தாமே சிதைத்து மறுபடி பயன்படுத்தும் இந்த வழியை ஈஸ்டில் ஆராய்ந்ததற்காக யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது. அது பெரிய அறிவியல். ஆனால் மனித உடம்பில் சரியாகப் பதினாறாவது மணி நேரத்தில் அது தொடங்கும் என்று ஃபாஸ்டிங் நேரத்தைக் கணக்கிடும் செயலிகள் காட்டும் கோடு நிரூபிக்கப்பட்டது இல்லை. அந்தக் கோட்டைத் தொடுவதற்காக நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

நடுக்கம் என்றதும் சொல்ல வேண்டியது: பசி வேறு, ரத்தத்தில் சர்க்கரை இறங்குவது வேறு. கை நடுங்கி, குளிர்ந்த வியர்வை வந்து, நெஞ்சு படபடத்து, பார்வை மங்கினாலோ பேச்சு குழம்பினாலோ அங்கே மன உறுதிக்கு வேலை இல்லை. உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும். இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுக்கும் நீரிழிவுக்காரர்கள் டாக்டர் மருந்தை மாற்றி அமைக்காமல் இதைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், வளரும் பிள்ளைகள், உணவுண்ணும் கோளாறு (ஈட்டிங் டிஸார்டர்) இருந்தவர்கள், ஏற்கெனவே மெலிந்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது வேண்டாம். மாதவிடாய் தள்ளிப்போகவோ நிற்கவோ ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரை இருந்தால் மாத்திரையின் நேரத்துக்குத்தான் முதலிடம்.

விருந்து, பயணம், நண்பர்கள் வருகை என்று நேரம் தவறும் நாட்கள் எல்லோருக்கும் வரும். நான் அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடுவேன். முந்தின நாள் அளவுக்கு மீறியதை ஈடுகட்ட மறுநாள் முழுக்கப் பட்டினி கிடப்பதில்லை. அப்படிக் கிடந்தால் மாலையில் கையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிட்டு, அதற்கு இன்னொரு பட்டினி என்று ஒரு சுழற்சி ஆரம்பித்துவிடும். இரவு கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்று பார்த்து, அதிலிருந்து 12 மணி நேரம் எண்ணிக்கொண்டு, முதல் வேளையைச் சாப்பிடுவேன். அதற்கு அடுத்த நாள் பழைய நேரத்துக்கு வந்துவிடலாம்.