ஃப்ரீகோடுகேம்ப்: நம் நிரலாக்கத் திறனை எடைபோட ஒரு தராசு

இணையப் பக்கங்களை உருவாக்குவதும் நிரல் எழுதுவதும் தமக்கு எந்த அளவுக்குக் கைவந்திருக்கின்றன என்று அறிய விரும்புவோருக்கு வினாடி வினாக்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அத்தகைய தேர்வுகளில் நல்ல மதிப்பெண் பெற்ற பிறகும், வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் வரியை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்ததுண்டு. ஆகவே, குவின்சி லார்சன் 2014-இல் தொடங்கிய ஃப்ரீகோடுகேம்ப் தளத்தைக் கற்கும் இடமாகக் கொள்ளாமல், என் திறனை எடைபோடும் தராசாகப் பயன்படுத்திப் பார்த்தேன். லாப நோக்கமற்ற இத்தளத்தில் பாடங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் கட்டணம் இல்லை.

பாடங்களைப் பற்றி இங்கே அதிகம் சொல்வதற்கில்லை. அவை கையைப் பிடித்து அழைத்துச் செல்வதால், எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற மயக்கம் எளிதில் வந்துவிடும். அந்த மயக்கம் கலைவது சான்றிதழுக்கான செயல்திட்டங்களில்தான். என்ன வேண்டும் என்ற பட்டியலும், முடித்த பின் ஓட்டிப் பார்க்கத் தானியங்கிச் சோதனைகளும் அங்கே உண்டு. வழி மட்டும் சொல்லப்படுவதில்லை.

இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்குரிய பிரிவின் கல்லாப்பெட்டிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 3.26 டாலர் விலையுள்ள பொருளுக்கு 100 டாலர் தரும் வாடிக்கையாளருக்கு, பெட்டியில் இருக்கும் நோட்டுகளையும் நாணயங்களையும் கொண்டு 96.74 டாலர் மீதி கொடுக்க வேண்டும். இருபது, பத்து, ஐந்து, ஒன்று எனப் பெரிய நோட்டிலிருந்து இறங்கிவந்து, கால் டாலர் நாணயம் இரண்டும் பத்து சென்ட் நாணயம் இரண்டும் சரியாகக் கொடுத்த என் நிரல், கடைசியில் நான்கு சென்ட்டுக்குப் பதிலாக மூன்று சென்ட்டே கொடுத்தது. ஒரு மாலை முழுவதும் சுழற்சியின் நிபந்தனைகளை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகே காரணம் புலப்பட்டது: கணினி தசம எண்களை இரும வடிவில் வைத்திருப்பதால், அவற்றில் பலவற்றை அதனால் துல்லியமாகக் குறிக்க முடிவதில்லை; கழிக்கக் கழிக்க மிக நுண்ணிய பிழை சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. தொகையைத் தொடக்கத்திலேயே சென்ட்டாக மாற்றி முழு எண்ணாகக் கணக்கிட்டதும் சோதனை தேறியது. ஜாவாஸ்கிரிப்டில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும் என்பதை ஒரு வினாடி வினாவில் நான் சரியாகவே சொல்லியிருந்தேன் என்பதுதான் வேடிக்கை. விடையாகத் தெரிந்திருந்த ஒன்று, என் சொந்த நிரலில் எதிரே வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை. இந்த இடைவெளியை இவ்வளவு துல்லியமாக எனக்குக் காட்டிய தேர்வு வேறில்லை.

ஆனால் இந்தச் சோதனைகள் விளைவை மட்டுமே பார்க்கின்றன. பொருள் விளம்பரப் பக்கத்துக்கான செயல்திட்டத்தில், திரை அளவுக்கேற்ப அமைப்பை மாற்றும் மீடியா குவெரி குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது ஒரு சோதனை. அந்த ஒன்று கைபேசியில் பக்கத்தைப் படிக்கும்படி செய்கிறதா என்பது அதன் வேலை அன்று. அமெரிக்கத் தொலைபேசி எண்களைச் சரிபார்க்கும் பயிற்சியிலும் அப்படித்தான்: அடைப்புக்குறியும் சிறுகோடும் எங்கெங்கே வரலாம் என்பதையெல்லாம் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும், எழுத்துகளின் அமைப்பைக் குறியீடுகளால் விவரிக்கும் நீளமான ஒரே கோவையில் திணித்தேன், எல்லாச் சோதனைகளும் தேறின. ஒரு மாதம் கழித்து அந்த வரியை என்னாலேயே படிக்க முடியவில்லை.

ஆகவே, ‘எழுத முடிகிறதா’ என்ற கேள்விக்கு இத்தளம் நம்பகமான விடை தருகிறது. ‘பிறர் படிக்கும்படி எழுத முடிகிறதா’ என்பதற்குத் தருவதில்லை. பின்னதற்கு, தன்னார்வ வழிகாட்டிகள் நிரலைப் படித்துக் கருத்துச் சொல்லும் எக்ஸர்சிசம் போன்ற தளமோ, தயவுதாட்சண்யம் பார்க்காத நண்பரோ தேவை. பக்கங்களின் வேகத்தையும், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த ஏற்றவையா என்னும் அணுகல்தன்மையையும் அளக்க, குரோம் உலாவியோடு வரும் லைட்ஹவுஸ் என்ற கருவி இருக்கிறது. வேலைக்கான நேர்முகத்துக்குச் சான்றிதழை மட்டும் நம்பிப் போக நினைப்பவர்களுக்கு நான் இத்தளத்தைப் பரிந்துரைக்கமாட்டேன். தன் பலவீனம் எங்கே என்று தேடுபவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பழைய விடைகளைத் திறக்காமல் அதே செயல்திட்டங்களை மூன்று மாதம் கழித்து மறுபடியும் செய்து பார்த்தேன். கல்லாப்பெட்டிக் கணக்கில் முதல் வரியிலேயே டாலரைச் சென்ட்டாக மாற்றிவிட்டேன். தொலைபேசி எண்ணுக்கு இம்முறையும் கையேட்டைப் புரட்ட வேண்டியிருந்தது.