ஆக்சஸ் கோப்புக்கு ஏற்ற காவல்: பயனர் கடவுச்சொல்லா, கோப்புக் கடவுச்சொல்லா, சர்வரா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், கோயில் சபை ஒன்றின் உறுப்பினர் பதிவேட்டைச் சில ஆண்டுகளாக நான் கவனித்து வருகிறேன். முகவரி, 13 இலக்க அடையாள எண், சந்தாக் கணக்கு என அனைத்தும் மைக்ரோசாப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸின் ஒரே கோப்பில் இருக்கின்றன. செயலாளர் முகவரியைத் திருத்த வேண்டும், பொருளாளர் ரசீதைப் பதிய வேண்டும், தொண்டர்களுக்குப் பெயர்ப் பட்டியலைப் பார்க்க முடிந்தால் போதும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாகச் செயல்படுத்தப்படுவதால், இது இனி வீட்டு விவகாரமும் அன்று.

ஆக்சஸின் பழைய கோப்பு வடிவமான எம்டிபிக்கு உரிய பயனர் நிலைப் பாதுகாப்பு, இந்தத் தேவைக்காகவே தைத்த சட்டை போலத் தோன்றும். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. ஒவ்வொரு அட்டவணைக்கும் தனித்தனி உரிமை வழங்கலாம். ஆனால் அந்தப் பெயர்களும் கடவுச்சொற்களும் தரவுக் கோப்பில் இல்லாமல், எம்டிடபிள்யூ என்னும் வேறொரு கோப்பில் இருக்கின்றன. ஒருமுறை உறுப்பினர் ஒருவர் எங்கள் எம்டிபி கோப்பை மட்டும் பென் டிரைவில் வீட்டுக்கு எடுத்துச் சென்று திறந்தபோது, கடவுச்சொல் எதையும் கேட்காமலேயே முழுப் பதிவேடும் திரையில் விரிந்தது. எல்லாக் கணினிகளிலும் உள்ள ஆக்சஸில் ‘அட்மின்’ என்ற பயனர் ஒரே உள் அடையாளத்துடன் இருக்கிறார்; எம்டிடபிள்யூ கோப்பு கூட வராதபோது ஆக்சஸ் அவர் பெயரிலேயே கோப்பைத் திறக்கும். நாங்கள் புதிய நிர்வாகியைச் சேர்த்தோமே தவிர, அந்த அட்மினுக்கும், எல்லாப் பயனர்களும் அடங்கும் ‘யூசர்ஸ்’ குழுவுக்கும் இருந்த உரிமைகளை நீக்கவில்லை. பிழை எங்களுடையதுதான். எனினும், இத்தனை எளிதில் பிழை செய்ய இடம் தரும் ஏற்பாட்டை நான் மீண்டும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆக்சஸ் 2007-இல் வந்த ஏசிசிடிபி வடிவம் இந்த ஏற்பாட்டையே கைவிட்டது. அதில் கோப்பு முழுவதற்கும் ஒரே கடவுச்சொல்தான். ஆனால் அது கோப்பை உண்மையாகவே மறையாக்கம் செய்கிறது, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிடுகிறது. பென் டிரைவ் தொலைந்தால் இதுவே மேல். குறை என்னவென்றால், பொருளாளருக்கும் தொண்டருக்கும் சாவி ஒன்றே. திரைப் படிவங்களை ஒரு கோப்பிலும் தரவை மற்றொன்றிலும் பிரித்து வைத்தால், இணைத்த அட்டவணைகளுக்கான கடவுச்சொல் படிவங்கள் உள்ள முன்பக்கக் கோப்பின் உள் அட்டவணையில் வெறும் எழுத்தாகவே பதிந்துகிடக்கும். ஆகவே அந்தக் கோப்பையும் மறையாக்க வேண்டும்.

விண்டோஸ் கோப்புறை உரிமைகள் வெளியாரைத் தடுக்கும், அவ்வளவே. கோப்பைத் திறந்து வேலை செய்யக்கூடியவரால் அதை நகலெடுக்கவும் முடியும்.

மைக்ரோசாப்டின் தரவுத்தள சர்வரான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் இந்த முடிச்சை அவிழ்க்கிறது. இலவசமாகக் கிடைக்கும் இதில் பயனர் யாரும் தரவுக் கோப்பைத் தொடுவதே இல்லை. கேட்டதை மட்டும் சர்வர் எடுத்துத் தருகிறது. அடையாள எண் நெடுவரிசையை விட்டுவிட்டு ஒரு ‘வியூ’ (தேர்ந்த நெடுவரிசைகளை மட்டும் காட்டும் பார்வை) அமைத்து, தொண்டர்களுக்கு அதை மட்டும் காட்டலாம். ஆக்சஸ் படிவங்களையும் பெரும்பாலும் அப்படியே தொடரலாம். பதிலுக்கு, எந்நேரமும் இயங்கும் ஒரு கணினியும், மின்வெட்டைத் தாங்கும் யுபிஎஸ்ஸும் வேண்டும். காப்பு நகலைக் குறித்த நேரத்தில் எடுக்கும் ஏஜென்ட் எக்ஸ்பிரஸில் இல்லாததால், அவ்வேலையை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

சபையில் உறுப்பினர் பதிவேட்டையும் சந்தாவையும் சர்வருக்கு மாற்றி வருகிறோம். மண்டப முன்பதிவை இருவர் மட்டுமே கையாள்வதால், அது கடவுச்சொல்லிட்ட ஏசிசிடிபி கோப்பிலேயே இருக்கும்.